அடுத்த மாத வாடகையும் முகவரின் மனத்திடமும்

"மார்க்கெட்டில் எந்தக் குறையும் இல்லை. குறை உங்கள் மனதில்தான் இருக்கிறது." ரியல் எஸ்டேட் முகவர்களுக்கான ஒரு பயிற்சி வகுப்பில் பேச வந்தவர் இப்படிச் சொன்னதும் அரங்கமே கைதட்டியது. எனக்குப் பக்கத்து நாற்காலிக்காரர் மட்டும் தட்டவில்லை. அந்த வரியை நோட்டில் எழுதி, அதன் கீழே இரண்டு முறை அழுத்திக் கோடு போட்டுக்கொண்டிருந்தார். தொழிலுக்கு வந்து ஓராண்டுகூட ஆகாதவர். மாதக்கணக்கில் ஒரு டீலும் முடியவில்லை என்று இடைவேளையில் சொல்லியிருந்தார். கூப்பிட்ட நேரத்துக்குப் போய் நிற்கிறவர், ஆவணங்களைப் பொறுமையாகப் படிக்கிறவர், பார்ட்டியிடம் பொய் சொல்லாதவர். அப்படிப்பட்ட ஒருவர், தன் வறண்ட மாதங்களுக்கெல்லாம் தன் மனமே காரணம் என்று எழுதி வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறார். அந்த வரியோடு நான் மனதுக்குள் இன்னும் வாதாடிக்கொண்டுதான் இருக்கிறேன்.

வாதாட வேண்டியிருப்பதற்குக் காரணம், அந்த வரி முழுப் பொய் இல்லை. இந்தத் தொழிலில் 'இல்லை' என்ற பதில்தான் அன்றாடச் சாப்பாடு. போனை எடுக்காதவர்கள், எடுத்துவிட்டு அப்புறம் பேசுகிறேன் என்பவர்கள், ஐந்து வீடு பார்த்துவிட்டு ஆறாவது வீட்டை வேறொருவர் மூலம் வாங்குபவர்கள், அட்வான்ஸ் கொடுக்கும் நாளில் மனம் மாறுபவர்கள் என்று எல்லோரையும் தாண்டித்தான் ஒரு பத்திரப்பதிவு நடக்கிறது. ஒவ்வொரு மறுப்பையும் ஒருவர் தனக்குள் எப்படி விளக்கிக்கொள்கிறார் என்பது நிச்சயம் முக்கியம். மார்ட்டின் செலிக்மன், பீட்டர் ஷுல்மன் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் ஆயுள் காப்பீட்டு முகவர்களிடம் இதைச் சோதித்து 1986-இல் வெளியிட்டார்கள். புதிதாகச் சேர்ந்த 103 பேரில், தோல்விக்கு நம்பிக்கையான விளக்கம் தருகிற பாதிப் பேர், மற்றப் பாதியைப்போல இரண்டு மடங்கு விகிதத்தில் வேலையில் நிலைத்தார்கள், அதிகம் விற்றார்கள். "இந்தப் பார்ட்டிக்கு இப்போது நேரம் சரியில்லை" என்று நினைப்பவர் அடுத்த போனை எடுக்கிறார். "எனக்குப் பேசவே வராது, எப்போதும் இப்படித்தான்" என்று நினைப்பவர் போனைக் கவிழ்த்து வைக்கிறார். காப்பீடு விற்பவருக்குப் பொருந்துவது வீடு விற்பவருக்கும் பெருமளவு பொருந்தும். இதை நான் மறுக்கவே இல்லை.

ஆனால் அந்த ஆய்வு சொன்னதைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். தோல்வியைத் தன் தலையில் மட்டும் போட்டுக்கொண்டு, அது என்றைக்கும் மாறாது, எல்லாவற்றிலும் தொடரும் என்று நினைப்பவர்தான் அங்கே விழுகிறார். மேடையில் இருந்தவர் அந்த அரங்கத்துக்குக் கற்றுக்கொடுத்தது அதைத்தான்: குறை வெளியில் இல்லை, உன்னிடம்தான் இருக்கிறது. ஊக்கம் கொடுப்பதாக நினைத்துக்கொண்டு, ஊக்கத்தைக் கெடுக்கிற அதே விளக்கத்தை அவர் எல்லோர் கையிலும் கொடுத்து அனுப்பினார்.

மார்க்கெட்டில் குறை இல்லை என்பதும் உண்மை இல்லை. சாங்-டாய் ஷியே, என்ரிகோ மொரெட்டி என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் 2003-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. இந்தத் தொழிலுக்கு வர நினைக்கிற எல்லோருக்கும் முதல் நாளே அதைச் சொல்லிவிட வேண்டும் என்பது என் எண்ணம். அமெரிக்காவின் 1980, 1990 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு விவரங்களை எடுத்துக்கொண்டு நகரம் நகரமாக ஒப்பிட்டார்கள். வீட்டு விலை உயர்ந்த நகரங்களில் ஒரு வீட்டுக்குக் கிடைக்கும் கமிஷனும் உயர்ந்திருந்தது. அப்படியானால் அங்கே முகவர்கள் செழித்திருக்க வேண்டும் அல்லவா? இல்லை. கமிஷன் பெரிதானதும் தொழிலுக்குள் வருகிற கூட்டமும் பெரிதாகிவிட்டது, ஒரு முகவர் ஆண்டுக்கு விற்கும் வீடுகளின் எண்ணிக்கை குறைந்துவிட்டது, கடைசியில் சராசரி முகவரின் வருமானம் ஏறவே இல்லை. கதவு திறந்தே இருக்கிற தொழில் இது. நுழைவது எளிது, கமிஷன் விகிதம் பெரிதாக மாறாது. அதனால் செழிப்பு வரும்போது அதைப் பங்கு போட ஆட்களும் சேர்ந்தே வருகிறார்கள். இந்த நெரிசலில் நல்ல மனதோடு, நல்ல உழைப்போடு ஒருவர் பல மாதம் வெறுங்கையோடு நிற்பது சாதாரணமாக நடக்கக்கூடியது. அதற்கு அவர் மனதில் நோய் தேட வேண்டியதில்லை.

கனவு காணச் சொல்லும் வழக்கம்

பயிற்சி வகுப்புகளில் தவறாமல் வரும் இன்னொன்று, கண்ணை மூடிக்கொண்டு வெற்றியைக் கற்பனை செய்யும் பயிற்சி. வாங்கப்போகும் கார், கட்டப்போகும் வீடு, மேடையில் வாங்கும் விருது. செய்யும்போது உடம்பெல்லாம் இதமாக இருக்கும். கேப்ரியேல் ஊட்டிங்கன் என்ற உளவியலாளர் பல ஆண்டுகளாக இந்தக் கற்பனைகளையே ஆராய்ந்து வருபவர். டோரிஸ் மேயர் என்பவருடன் சேர்ந்து அவர் 2002-இல் வெளியிட்ட ஆய்வுகளில் ஒன்று, படிப்பை முடித்து வேலை தேடுகிறவர்களைப் பற்றியது. நல்ல வேலை கிடைத்துவிட்டதாக அதிகம் கற்பனை செய்தவர்கள், இரண்டு ஆண்டு கழித்துப் பார்த்தால், குறைவாக விண்ணப்பித்திருந்தார்கள், குறைவான வாய்ப்புகள் பெற்றிருந்தார்கள், குறைவாகச் சம்பாதித்தார்கள். 2011-இல் ஹெதர் கேப்பஸுடன் அவர் செய்த இன்னொரு ஆய்வில், இப்படிப்பட்ட இனிய கற்பனைகளுக்குப் பிறகு உடலின் உந்துதலே தணிந்துவிடுவது ரத்த அழுத்தத்திலேயே தெரிந்தது. கிடைத்துவிட்டதுபோல மனம் அனுபவித்துவிட்டால், எழுந்து போய் அதைத் தேடும் வேகம் குறைந்துபோகிறது.

அதே 2002 ஆய்வில் இன்னொரு பாதியும் உண்டு, அதுதான் எனக்கு முக்கியம். எனக்கு வேலை கிடைக்கும் என்று எதிர்பார்த்தவர்கள் நன்றாகவே செய்தார்கள். எதிர்பார்ப்பு என்பது இதுவரை நாம் செய்து பார்த்ததிலிருந்து வருவது. போன மாதம் இத்தனை பேரிடம் பேசினேன், இத்தனை பேர் வீடு பார்க்க வந்தார்கள், அதனால் இந்த மாதமும் வருவார்கள் என்ற கணக்கு அது. கற்பனைக்கு அப்படி ஒரு கணக்கு தேவைப்படுவதில்லை. ஒரு முகவருக்குத் தேவையான நம்பிக்கை, அவருடைய சொந்த ஃபாலோ-அப் நோட்டிலிருந்து வர வேண்டியது. கண்ணை மூடினால் அந்த நோட்டு தெரியாது.

அந்த மாலை

இத்தனை நாள் இந்த விஷயம் எனக்குள் தெளியாமல் கிடந்தது. அதைத் தெளிய வைத்தது, எங்கள் அலுவலகத்தில் எல்லோருக்கும் மூத்தவரான ஓர் அக்கா. பரபரப்பே இல்லாதவர். மேடைப் பேச்சு எதற்கும் போக மாட்டார். ஒரு பெரியவர் தன் வீட்டை விற்கும் பொறுப்பை அவரிடம் கொடுத்திருந்தார். மனைவி இறந்த பிறகு மகள் வீட்டோடு போய்விடலாம் என்று முடிவெடுத்தவர். வீடு விற்பனைக்கு வந்த சில நாட்களிலேயே ஒருவர் விலை சொன்னார். மோசமான விலை இல்லை, கேட்டதைவிடக் கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான். அது வறண்ட பருவம். அலுவலகத்தில் யாருக்கும் பெரிதாக ஒன்றும் முடியவில்லை. அன்றைக்கு நான் அக்காவுடன் போயிருந்தேன். பெரியவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுக் கேட்டார்: "நீங்க சொல்லுங்கம்மா. குடுத்துறவா?"

அந்த இடத்தில் ஒரு முகவருக்குள் என்ன ஓடும் என்பது தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். ஆமாம் என்ற ஒரே சொல்லில் கமிஷன் கைக்கு வந்துவிடும். அந்த ஒரு சொல்லுக்கு ஆதரவாக நூறு நியாயமும் தயாராக இருக்கும்: கையில் வந்ததை விடக்கூடாது, அடுத்தவர் எப்போது வருவாரோ, மார்க்கெட் இறங்கலாம். ஒவ்வொன்றும் கேட்க உண்மைபோலவே இருக்கும். அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அவசரம் இருந்தா குடுத்துருங்க ஐயா, தப்பில்ல. அவசரம் இல்லைன்னா ரெண்டு வாரம் பொறுங்க. இன்னும் நிறைய பேர் வந்து பாக்கவே இல்ல. ஆனா பொறுத்தா இவரு போயிடலாம், அதையும் யோசிச்சுக்குங்க" என்றார். பெரியவர் பொறுப்பதாகச் சொன்னார். அக்கா தலையசைத்துவிட்டு எழுந்தார். முகத்தில் எதையும் இழந்த சாயல் இல்லை.

பொறுத்ததற்குப் பெரிய விலை கிடைத்தது என்று எழுத முடிந்தால் படிக்கிறவர்களுக்குத் திருப்தியாக இருக்கும். நடந்தது அப்படி இல்லை. முதலில் கேட்டவர் வேறு வீடு வாங்கிக்கொண்டு போய்விட்டார். அந்த வீடு பிறகு ஏறக்குறைய அதே விலைக்குத்தான் போனது. பெரியவர் அக்காவைக் குறை சொல்லவும் இல்லை, தேடி வந்து நன்றி சொல்லவும் இல்லை. முடிவு அவருடையது, இரண்டு பக்கத்தையும் கேட்டுவிட்டு அவரே எடுத்தது. விலையைவிட எனக்கு அன்றைக்குப் பெரிதாகத் தெரிந்தது, திரும்பி வரும்போது நான் கேட்ட கேள்விக்கு அக்கா சொன்ன பதில்தான். எப்படிக்கா உங்களால இந்த நேரத்துல பொறுங்கன்னு சொல்ல முடிஞ்சுது, எனக்கு அந்தத் தைரியம் வராதே என்றேன். "தைரியமெல்லாம் இல்ல தம்பி. ஆறு மாசத்துக்கு வீட்டுச் செலவு தனியா ஒரு கணக்குல கிடக்கு. எந்தக் கமிஷன் வந்தாலும் முதல்ல அதை நிரப்பிட்டுத்தான் மிச்சத்தைத் தொடுவேன். அது இல்லைன்னா நானும் குடுத்துருங்கன்னுதான் சொல்லியிருப்பேன்" என்றார்.

நாங்கள் எல்லோரும் அக்காவின் நிதானத்தைக் குணம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். அவரோ அதை ஒரு வங்கிக் கணக்கு என்று சொல்லிவிட்டார்.

பத்து நாள் பொறுமையின் கணக்கு

அந்தக் கேள்வி, 'குடுத்துறவா?' என்பது, நம் தொழிலின் மையத்தில் இருக்கிறது. அதற்கு நாம் தரும் பதில் எவ்வளவு வளைகிறது என்பதை ஸ்டீவன் லெவிட், சாட் சைவர்சன் இருவரும் அளந்தே காட்டியிருக்கிறார்கள். 2008-இல் வெளியான அந்த ஆய்வில், சிகாகோ வட்டாரத்தின் ஏறத்தாழ ஒரு லட்சம் வீட்டு விற்பனைகளைப் பார்த்தார்கள். முகவர்கள் தங்கள் சொந்த வீட்டை விற்கும்போது, அதே போன்ற பிறர் வீடுகளைவிடச் சராசரியாக 9.5 நாள் கூடுதலாகக் காத்திருந்தார்கள், 3.7 சதவீதம் கூடுதல் விலை பெற்றார்கள். தனக்கென்றால் பொறுக்கிற முகவர், வாடிக்கையாளருக்கென்றால் முடித்துவிடச் சொல்கிறார். காரணம் எளிய கணக்கு. விலையில் நூறு கூடினால் வீட்டுக்காரருக்குத் தொண்ணூற்றுக்கு மேல் போகும், முகவர் கையில் நிற்பது ஒன்றோ இரண்டோதான். அந்த ஒன்றுக்காக இன்னும் பத்து நாள் போன் பேசி, வீடு காட்டி, டீல் கலைந்துபோகும் அபாயத்தையும் சுமக்க வேண்டும்.

இதைப் படிக்கிற முகவர்கள் பலரும், என் தேவை என் ஆலோசனையைத் தொடாது என்பார்கள். அவர்கள் பொய் சொல்வதாக நான் நினைக்கவில்லை. நம் தீர்ப்பை எது நகர்த்துகிறது என்பது நமக்கே தெரிவதில்லை. 1987-இல் கிரிகரி நார்த்கிராஃப்ட், மார்கரெட் நீல் இருவரும் அனுபவமுள்ள முகவர்களையும், ஒப்பிட்டுப் பார்க்க மாணவர்களையும் ஒரு வீட்டுக்கு அழைத்துப்போய், எல்லோருக்கும் ஒரே விவரங்களைக் கொடுத்து, கேட்பு விலையை மட்டும் ஆளுக்கொன்றாக மாற்றிக் கொடுத்தார்கள். அந்த எண்ணை ஒட்டியே முகவர்களின் மதிப்பீடுகள் நகர்ந்தன. எதை வைத்து முடிவு செய்தீர்கள் என்று கேட்டபோது, கேட்பு விலையைப் பார்த்ததாக ஒப்புக்கொண்ட முகவர்கள் மாணவர்களைவிடக் குறைவு. ஒரு காகிதத்தில் அச்சடித்த எண்ணே இப்படி நகர்த்துமென்றால், கட்டாத வாடகை என்னவெல்லாம் நகர்த்தும்?

கட்டாத வாடகை மனதை என்ன செய்யும் என்பதற்கும் ஒரு விடை இருக்கிறது. அது எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. 2013-இல் 'சயின்ஸ்' இதழில் ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷஃபிர், ஜியாயிங் சாவ் ஆகியோர் எழுதிய கட்டுரையின் ஒரு பகுதி, தமிழ்நாட்டின் 464 கரும்பு விவசாயிகளைப் பற்றியது. கரும்பில் பணம் அறுவடைக்குப் பிறகு மொத்தமாக வரும். அதற்கு முந்தைய மாதங்கள் இறுக்கம். ஒரே விவசாயியிடம் அறுவடைக்கு முன்பும் பின்பும் அறிவுத்திறன் சோதனைகள் வைத்தார்கள். பணம் வருவதற்கு முன் மதிப்பெண் குறைந்தது, வந்த பிறகு கூடியது. அதே மனிதர், அதே மூளை. இடையில் மாறியது கையிருப்பு. கமிஷனும் இப்படி மொத்தமாக வந்து, நீண்ட இடைவெளி விட்டு, மறுபடி வருகிற பணம்தான். அந்த இடைவெளியில் கவனம் சிதறி, பார்ட்டி சொன்னது பாதி காதில் விழாமல், முக்கியமான ஃபாலோ-அப் மறந்துபோகிற ஒருவரைப் பார்த்து மைண்ட்செட் சரியில்லை என்று சொல்வது எவ்வளவு அநியாயம். அவருடைய மனம் கடன் கணக்கைச் சுமந்துகொண்டு வேலை செய்கிறது.

ஆகவே, முகவருக்கு ஊக்கம் எதற்குத் தேவை என்ற கேள்விக்கு என் பதில் பேச்சாளரின் பதிலிலிருந்து விலகிப் போகிறது. அதிகம் விற்க ஊக்கம் வேண்டும் என்பார்கள். எனக்கோ, இன்னொருவர் தன் வாழ்நாளின் மிகப் பெரிய கொடுக்கல் வாங்கலை முடிவு செய்யும்போது, என் அவசரத்தை அதற்குள் நுழையவிடாமல் பிடித்து வைக்கும் வலுதான் ஊக்கம். வீடு வாங்குவதும் விற்பதும் பலருக்கு வாழ்க்கையில் ஒருமுறையோ இருமுறையோ வருவது. அந்த மேசையில் அவர்கள் கேட்கும் கேள்விக்கு என் வாடகை பதில் சொல்லக்கூடாது. இதற்கு மனப்பயிற்சி வேண்டும்தான், ஆனால் அதற்கு முன்பே கையிருப்பு வேண்டும். வரிசை அதுதான். கையிருப்பு இல்லாமலே நேர்மையாக நிற்கிறவர்களும் உண்டு. அவர்களைப் பார்த்தால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது. ஆனால் ஒரு தொழிலை அப்படிப்பட்டவர்களின் தாங்கும் சக்தியை மட்டும் நம்பி நடத்தக்கூடாது.

மனப்பயிற்சிக்கென்று எனக்கு உதவுவது ஒன்றே ஒன்றுதான். எப்போது, எங்கே, என்ன செய்வேன் என்று முன்கூட்டியே கட்டி வைத்துக்கொள்வது. பீட்டர் கோல்விட்சர் 1990-களில் எழுதத் தொடங்கிய கருத்து இது. 2006-இல் அவரும் பாஸ்கல் ஷீரனும் 94 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது, வெறும் குறிக்கோள் வைத்திருப்பவர்களைவிட, 'இது நடந்தால் இதைச் செய்வேன்' என்று திட்டமிட்டவர்கள் தெளிவாக முன்னே நின்றார்கள். இந்த மாதம் நிறைய பேரிடம் பேச வேண்டும் என்பது குறிக்கோள். வீடு பார்த்துவிட்டுப் பார்ட்டி கிளம்பியதும், வண்டியை எடுப்பதற்கு முன் அவர் சொன்ன குறைகளை எழுதுவேன் என்பது திட்டம். ஒருவர் வேண்டாம் என்று சொன்னால் போனைக் கீழே வைக்காமல் அடுத்த எண்ணை அழுத்துவேன் என்பதும் அப்படித்தான். அந்த நேரத்தில் மனம் எப்படி இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. செலிக்மன் சொன்ன நம்பிக்கையான விளக்கமும்கூட இப்படி வேலை நகர்ந்துகொண்டிருக்கும்போதுதான் தானாக ஊறி வருகிறது என்பது என் அனுபவம். சும்மா உட்கார்ந்திருக்கும்போது எந்த மறுப்பும் பெரிதாகவே தெரியும்.

அலுவலகம் நடத்துகிறவர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. புதியவர்களைச் சேர்க்கும்போது மேடை போட்டு நட்சத்திர முகவர்களின் வருமானத்தைக் காட்டுகிறார்கள். முதல் கமிஷன் வர எத்தனை மாதம் ஆகக்கூடும், அதுவரை என்ன வைத்துச் சாப்பிடுவாய் என்று கேட்பதில்லை. முதல் சில மாதங்களுக்குச் சிறு தொகையை முன்பணமாகக் கொடுத்து, பிறகு கமிஷனில் கழித்துக்கொள்ளும் முறை சில இடங்களில் உண்டு. ஆண்டுக்கொரு பயிற்சி அரங்கத்துக்கு ஆகும் செலவை அதில் போட்டால் அந்தப் பணம் இன்னும் நன்றாக வேலை செய்யும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். மாத டார்கெட்டை எல்லோர் முன்பும் பலகையில் எழுதி, கடைசியில் இருப்பவரை நிற்க வைக்கும் அலுவலகங்கள் அந்தப் பழக்கத்தை விட வேண்டும். கடைசியில் நிற்பவர்தான் மறுநாள் காலையில் ஏதோ ஒரு குடும்பத்திடம் போய், "இன்னிக்கே அட்வான்ஸ் போட்டுருங்க, நாளைக்கு இருக்காது" என்று சொல்லப்போகிறவர்.

தொழிலுக்கு வரலாமா என்று என்னிடம் கேட்க வருகிறவர்களிடம் நான் இப்போது முதலில் கேட்பது, பேச வருமா, ஆட்களைத் தெரியுமா என்பதை அல்ல. ஒரு காசும் வராமல் எத்தனை மாதம் வீட்டை ஓட்ட முடியும் என்று கேட்கிறேன். சிலர் முகம் வாடிப்போகிறது, உற்சாகமாக எதையாவது எதிர்பார்த்து வந்திருப்பார்கள். அண்மையில் வந்த ஒரு பெண் அந்த இடத்திலேயே போனில் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, "ரெண்டு மாசம்தான் சார் தாங்கும்" என்றார். அப்படியானால் இருக்கிற வேலையை விடாதீர்கள், வார இறுதியில் மட்டும் எங்களுடன் வந்து பழகுங்கள், கையில் ஆறு மாதம் சேர்ந்ததும் முழுநேரமாக வரலாம் என்றேன். அரை மனதோடு இறங்கினால் தேற மாட்டார் என்று அலுவலகத்தில் ஒருவர் சொன்னார். நான் அப்படி நினைக்கவில்லை. அந்தப் பெண் இப்போது சனி, ஞாயிறுகளில் வருகிறார், அக்காவுடன்தான் அனுப்புகிறேன்.